மலையைப் பார்க்காமல் ஓட்டிய சைக்கிள்

பரீட்சைக்குப் படிக்கிறவன் வீட்டுக்குள் உட்கார்ந்து படித்தால் ஊருக்குத் தொந்தரவு இல்லை. நான் ஏரிக்குப் போய்ப் படித்தேன். அதை நினைத்தால் இந்த வயதிலும் காது சூடாகிறது.

எழுபதுகளின் கடைசியில் மெட்ராசில் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தேன். (திருவண்ணாமலையில் கிரிவலப் பாதையோரம் இருக்கும் எங்கள் ஊர் அடி அண்ணாமலையில் மாடு ஓட்டத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன்தான்.) பாக்கியிருந்தது ஒரே ஒரு தேர்வு. மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் செய்வதுபோல, வெளியே எதையும் பார்க்காமல், கண்ணுக்கு முன்னால் இருக்கும் கருவிகளின் முட்களை மட்டும் நம்பி ஓட்டிக் காட்ட வேண்டும். பழகும்போது நெற்றியில் ஒரு மறைப்பை மாட்டிவிடுவார்கள். முட்களைத் தவிர வேறெதுவும் தெரியாது.

எனக்கு அதுதான் வரவில்லை. எங்கள் ஊர்க்காரனுக்கு வழி தெரிய வேண்டுமானால் தலையைத் தூக்கி, மலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்ப்பான். அந்தப் பழக்கத்தில் ஆகாயத்திலும் மறைப்புக்கு அடியில் கழுத்தை வளைத்து மலையைத் தேடினேன். (மீனம்பாக்கத்துக்கு மேலே!) பயிற்சியாளர் சபாபதி சார் என் பின்னந்தலையில் தட்டி, "முள்ளை நம்புய்யா. உன் உடம்பு பொய் சொல்லும், முள்ளு சொல்லாது" என்பார். நான் தயார் என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் தேர்வுக்கே போக முடியும். அவரோ பேனாவைத் திறப்பதாக இல்லை.

சித்ரா பௌர்ணமிக்கு ஊருக்குப் புறப்பட்டபோது, "சார், நீங்களும் அம்மாவும் கிரிவலத்துக்கு வாங்க. நம்ம வீட்லதான் சாப்பாடு" என்று அழைத்தேன். பக்தியால் அல்ல. எங்கள் அம்மாவின் குழம்பு அந்தப் பேனாவைத் திறந்துவிடும் என்ற நம்பிக்கையால். வெயில் ஏறுவதற்குள் நடந்துவிட்டு வருவதாகச் சொன்னார்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் முள்ளை நம்பிப் பழகிவிடுவது என்று அன்று காலையில் கிளம்பினேன். ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்தது. காலண்டர் அட்டையை வளைத்து நெற்றியில் கட்டிக்கொண்டேன். நைனாவின் (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு சின்னத் திசைகாட்டி. பின்னால் கேரியரில், பத்தாவது படித்துக்கொண்டிருந்த என் தங்கை செல்வி.

"நான் வடக்கே நேராப் போவேன். நீ நடுவுல பொய் பொய்யா எதையாச்சும் சொல்லிக் குழப்பணும். நான் ஏமாற மாட்டேன்."

"நெசமாவே எதனா வந்துட்டா?"

"அதையும் நம்ப மாட்டேன். முள்ளைத்தான் நம்புவேன்."

அவள் தாவணியை இழுத்து இறுக்கிச் செருகிக்கொண்டாள். என்னைவிட அவளுக்கு முன்யோசனை ஜாஸ்தி.

மிதித்தேன். முள் வடக்கில் ஆணி அடித்ததுபோல் நின்றது. விமானத்தில் ஒரு நாளும் எனக்கு இப்படி நின்றதில்லை. பெருமை தாங்கவில்லை.

"அண்ணா, மேட்டுல ஏறுற!" என்றாள். சிரித்தேன்.

"அண்ணா, ரோடு வந்துடுச்சு!"

"நல்லா நடிக்கிற. இன்னும் கத்து."

"ஐயோ, ஆளுங்க வராங்க!" என்று அலறிக் குதித்துவிட்டாள். பாரம் குறைந்ததில் வண்டி இன்னும் வேகமெடுத்தது.

அடுத்து எனக்குத் தெரிந்தது மல்லாட்டை. (எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர்.) ரோட்டில் காயப்போட்டிருந்த குவியலில் முகம் புதையக் கிடந்தேன். பக்கத்தில் வேட்டியும் வெறுங்காலுமாக, நெற்றி நிறைய விபூதியோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நடந்துகொண்டிருந்தவரை உட்கார வைத்தது நான்தான். அட்டையை மேலே தள்ளிப் பார்த்தேன். சபாபதி சார்.

"பாவம், இந்தப் பையனுக்குக் கண்ணு தெரியாதாங்க?" என்றார் அவர் மனைவி.

"நல்லாத் தெரியும். மூடிக்கிட்டு வந்திருக்கான். என் ஸ்டூடண்ட்."

கிரிவலம் வந்த கூட்டம் சுற்றி நின்றுவிட்டது. மல்லாட்டையின் சொந்தக்காரர் சாரைப் பார்த்து, "இவன் கையிலயா சார் ஏரோபிளேனைக் குடுக்குறீங்க?" என்றார்.

சார் வேட்டியை உதறிக்கொண்டே கேட்டார்: "திசைகாட்டியை எதுல கட்டின?"

"ஹேண்டில்பார்ல சார்."

"அது எதுல செஞ்சது?"

கவிழ்ந்து கிடந்த சைக்கிளைத் திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் இரும்பு இருந்தால் முள் அதோடு ஒட்டிக்கொண்டு, அது திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும். சார் முதல் வாரமே நடத்திய பாடம் அது. நான் எந்தப் பக்கம் வளைந்தாலும் முள் வடக்கையே காட்டிய ரகசியம் அவ்வளவுதான்.

"இரும்புங்க சார்" என்றாள் பின்னாலேயே நொண்டி வந்த செல்வி. முழங்கையில் ரத்தம்.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே வெட்கமாகிவிட்டது. அவள் உண்மையைக் கத்தியிருக்கிறாள், நான் நடிப்பு நன்றாக இருக்கிறது என்று பாராட்டியிருக்கிறேன். மல்லாட்டையோடு சேர்த்து என்னையும் யாராவது மூட்டை கட்டியிருந்தால் பேசாமல் போயிருப்பேன்.

பாதியில் நிறுத்தக் கூடாதென்று சார் நொண்டியபடியே மலையைச் சுற்றி முடித்தார். வீட்டுக்கு வந்து குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவும்போது, "முள்ளை நம்புன்னு சொன்னேன். அது சரியா வேலை செய்யுதான்னு பாக்காதேன்னு சொன்னேனா?" என்றார். மழைக்காலமெல்லாம் முடிந்த பிறகுதான் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் வீட்டில் இன்றும் என்னிடம் யாரும் எதையும் சும்மா சொல்வதில்லை. சாம்பாரில் உப்பு கம்மி என்றாலும், "இது நெசம்" என்று சேர்த்துத்தான் சொல்கிறார்கள். எல்லாம் செல்வி ஆரம்பித்துவைத்தது. நான் துணை விமானியான பிறகு அவள் முதல்முறையாக என் விமானத்தில் ஏறினாள். பணிப்பெண் வந்து, "உங்க தங்கச்சி சொல்லச் சொன்னாங்க சார். பின்னாடி இருந்து அவங்க எதனா கத்தினா, அது நெசமாம்" என்றாள்.

பக்கத்தில் இருந்த கேப்டன் என்ன விஷயம் என்று கேட்டார். மறைக்காமல் சொன்னேன். அன்று விமானத்தை இறக்க வேண்டிய முறை என்னுடையது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து முடித்தவர், கண்ணைத் துடைத்துவிட்டு, "இன்னிக்கு நானே இறக்கிடறேன் தம்பி" என்றார்.