மகாதேவனின் தலையில் எண்ணெய் நின்ற கதை

சனிக்கிழமை காலையில் எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எங்கள் வெள்ளவத்தைத் தொடர்மாடியின் தண்ணீர் மோட்டரை ஓட்டும் சின்னக் கணினி, நேரத்தைப் பிழையாகக் காட்டியது. அதைச் சரிசெய்ய வேண்டும்.

அந்தக் கணினி கீழ்த்தளத்தில் ஒரு பூட்டிய அலுமாரிக்குள் இருக்கிறது. மேலே தாங்கியில் தண்ணீர் குறைந்தால் அதுதான் மோட்டரைப் போடும். மெல்பேர்னில் இருக்கும் என் மகள் லீவில் வந்தபோது அமைத்துத் தந்தது. என் மடிக்கணினியில் ஒரு கறுப்பு யன்னலைத் திறந்து கட்டளை எழுதினால், வீட்டில் இருந்தபடியே அதற்குள் போகலாம். யாரிடமும் போய் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கேட்கத் தேவையில்லை. ஆட்களிடம் ஒன்று கேட்பதென்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இந்த ஏற்பாடு எனக்கு நல்ல பிடித்தம்.

யன்னல் கடவுச்சொல்லைக் கேட்டது. எழுதினேன். திரையில் ஒன்றும் விழவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை.

விசைகள் பழுதாகிவிட்டன போலும் என்று ஒவ்வொன்றையும் இரண்டு தரம் அழுத்தினேன். பிழை என்றது.

மகளுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"அப்பா, அது காட்டாது. நீங்கள் அடிக்கிறதை வாங்கிக்கொண்டுதான் இருக்கு."

"வாங்கினால் வாங்கினன் எண்டு சொல்லாதோ?"

"சொல்லாது. பேசாமல் இருந்தால் எல்லாம் சரி. பிழை எண்டால்தான் அது கதைக்கும்."

என் குணம்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே போய், அவள் சொன்ன கட்டளையை ஒரு இடைவெளியும் பிசகாமல் எழுதினேன். பேசாமல் இருந்தது. நேரத்தைக் கேட்டேன். சரியாகச் சொன்னது.

அத்தோடு எழும்பியிருக்கலாம்.

ஆனால் கட்டளை எழுதிய கைக்கு, மூலையில் உள்ள படத்தை அமத்தி மடிக்கணினியை நிறுத்துவது சின்னப்பிள்ளை வேலையாகப் பட்டது. அதே கறுப்பு யன்னலில் 'நிறுத்து' என்ற கட்டளையை எழுதினேன். 'தொடர்பு அறுந்தது' என்று ஒரு வரி வந்தது. மடிக்கணினியோ அணையவில்லை. பழைய சாமான், ஆறுதலாக அணையட்டும் என்று மூடி வைத்துவிட்டுக் கடற்கரைக்கு நடக்கப் போனேன்.

திரும்பி வந்தால், படிக்கட்டில் துவாயோடு ஏழு ஆண்கள். ஏழு தலையிலும் எண்ணெய். சனிக்கிழமை எண்ணெய் முழுக்கு நாள் அல்லவா.

நடுவில் மூன்றாம் மாடி மகாதேவன், எங்கள் தொடர்மாடிக் குழுவின் தலைவர். பத்து மணிக்கு அவர் மகளுக்குக் கலியாண எழுத்து, பதிவுகாரர் முன்னால் கையெழுத்து வைக்கிற நாள். அப்போது ஒன்பதரை. அவர் முகமெல்லாம் எண்ணெய் போகத் தேய்த்த அரப்பு. கண்ணைத் திறக்க முடியாமல் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி நிண்டிட்டுது அண்ணை," என்றார் மனைவி. "உங்கட மகளின்ர கொம்பியூட்டர் என்னவோ செய்யுது."

படியில் நின்றே மகளுக்கு எடுத்தேன்.

"கடைசியா என்ன எழுதினனீங்கள் அப்பா?"

சொன்னேன்.

"எந்த யன்னலில?"

அதையும் சொன்னேன்.

"ஐயோ அப்பா. அதில எழுதினால் கீழ இருக்கிறதுக்குத்தான் போகும். வரி தொடங்கிற இடத்தில அதின்ர பேர் நிக்குமே, பாக்கேல்லையோ? அதைத்தான் நிப்பாட்டிப் போட்டீங்கள்."

"சரி, இப்ப 'ஓடு' எண்டு எழுதுறன்."

"நிண்டு போனது எப்பிடிக் கேக்கும்? ஆராவது போய்ப் பொத்தானை அமத்த வேணும்."

அலுமாரித் திறப்பு மகாதேவனிடம்.

"அந்தத் திறப்பை ஒருக்கா..." என்று இழுத்தேன்.

"ஏன், ஆர் நிப்பாட்டினது?" கண்ணை மூடியபடியே கேட்டார்.

"நான்தான்."

மற்ற ஆறு தலைகளும் என் பக்கம் திரும்பின.

"திறப்பு காற்சட்டைப் பைக்குள்ள," என்றார் மகாதேவன். "எந்தக் காற்சட்டை எண்டு கண்ணைத் திறந்தால்தான் சொல்லலாம். கண்ணைத் திறக்கத் தண்ணி வேணும். தண்ணிக்குத் திறப்பு வேணும். இனி உம்மட மகளைக் கேளும்."

அவர் மனைவி வீட்டுக்குள் போய், கொடியில் கிடந்த காற்சட்டைகளை எல்லாம் உதறித் திறப்பை எடுத்துத் தந்தார். ஓடிப்போய்ப் பொத்தானை அமத்தினேன். மோட்டர் உறுமியது. ஆனால் தண்ணீர் ஏறித் தாங்கியில் சேரும்வரை எழுத்துக்காரர் காத்திருக்க மாட்டார். குடிக்க வைத்திருந்த போத்தல் தண்ணீரில் அரப்பை மட்டும் கழுவி, எண்ணெய்த் தலையைப் படிய இழுத்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு போனார் மகாதேவன்.

அங்கே மாப்பிள்ளையின் தாயார் அவரைக் கண்டு பூரித்துப் போனாராம்.

"கொழும்பில இப்பிடித் தலைக்கு எண்ணெய் வைச்சு, அடக்க ஒடுக்கமா ஒரு மனுசனைக் கண்டு எவ்வளவு காலம். நல்ல இடத்திலதான் பிள்ளை எடுத்திருக்கிறம்."

அன்றிலிருந்து சம்பந்தி வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகாதேவன் நெற்றியில் நல்லெண்ணெய் வழிய வழியத்தான் போகிறார். எனக்கு இன்னும் ஒரு நன்றி சொல்லவில்லை.