ஒப்பாரி வாத்தியார்

அழுதே வகுப்பு நடத்திய மனிதர் மதுரையில் ஒருவர்தான், எங்கள் ஒப்பாரி வாத்தியார்! யுத்தத்துக்கு முந்தைய காலம். மற்ற வாத்தியார்கள் பிரம்பை நம்பினார்கள், இவர் தொண்டையை நம்பினார். அழுகிற பிள்ளைகளையெல்லாம் தலைமையாசிரியர் இவரிடம்தான் அனுப்புவார்.

பையன் விசும்பினால் போதும், பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவனைவிடச் சத்தமாக அழுவார். அவன் மிரண்டுபோய்த் தன் அழுகையை மறந்துவிடுவான். "அழுகாதீக சார், நான் இருக்கேன்ல" என்று இவரைத் தேற்றத் தொடங்குவான். உடனே துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஒனக்கு என்னய்யா கஷ்டம்?" என்பார். உள்ளே இருப்பதெல்லாம் மடமடவென்று வெளியே வந்துவிடும்.

நாலாம் வகுப்பில் நான் விசும்பியது படிப்புக்காக. வளையல் கடை வைத்திருந்த என் தகப்பனார், எங்கள் அத்தா, "கூட்டல் கழித்தல் வந்துருச்சுல்ல, நாளையிலருந்து கடைக்கு வா" என்றுவிட்டார். வாத்தியார் என்னோடு ஒரு பாட்டம் அழுதார். சாயங்காலமே என்னையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அத்தா மசியவில்லை. "யாவார நேரம் சார், போயிட்டு வாங்க."

கடை வாசலிலேயே உட்கார்ந்து எடுத்தார் பாருங்கள் ஒரு குரல்!

கல்யாணத்துக்கு வளையல் வாங்கத் திருமங்கலத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். ஒப்பாரி கேட்டால் சும்மா நிற்கிற வழக்கம் அவர்களுக்கு ஏது? யார் செத்தது என்று கேட்காமலே ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கூடவே அழ ஆரம்பித்துவிட்டார்கள். எதிர்க்கடைக்காரர் மரியாதைக்குக் கடைப் பலகைகளை எடுத்து மாட்டினார். அதைப் பார்த்து அடுத்த கடை, அதற்கடுத்த கடை! தெருவே கடையடைத்துவிட்டது. எதிர்க்கடைக்காரர் ஓடிவந்து அத்தாவின் கையைப் பிடித்தார்: "எப்பண்ணே எடுக்குறாக?"

"யாரும் சாகலைப்பா!" என்று அலறினார் அத்தா. "சார், அல்லாவுக்காக நிறுத்துங்க! அவன் எம்புட்டுப் படிக்கணுமோ படிக்கட்டும்!"

வாத்தியார் மூக்கைத் துடைத்தார். அந்தப் பெண்களை நிறுத்தத்தான் வெகுநேரம் ஆனது.

எஸ்.எஸ்.எல்.சி. தேறிய சேதியோடு அவர் வீட்டுக்கு ஓடினேன். கேட்டதும் அவருக்கு உதடு துடித்தது. நான் முந்திக்கொண்டேன், அவரே மிரளும்படி அப்படி ஓர் அழுகை! பதறிப்போய்த் துண்டால் என் முகத்தைத் துடைத்து, "அழுகாதய்யா, நான் இருக்கேன்ல" என்றார்.

அதைக் கேட்கத்தான் அழுதேன்.