மனசுக்குள் முறிந்த கூட்டணி

ரூல்ஸ்காரர் என்றொரு மனித வகை உண்டு. உங்களுக்கு நிச்சயம் தெரிந்திருக்கும். கேரம் ஆடினால் ஸ்டிரைக்கர் கோட்டைத் தொட்டதா என்று குனிந்து பார்ப்பவர், சீட்டாடினால் ஜோக்கருக்கு வியாக்கியானம் சொல்பவர், கல்யாணப் பந்தியில்கூட இலையில் எதை முதலில் வைக்கவேண்டும் என்று பரிமாறுகிறவரிடம் வழக்காடுபவர். இரண்டு பேர் ஆடும்வரை சாதுவாகத்தான் இருப்பார். மூன்றாவது ஆள் வந்து உட்காரட்டும், அப்புறம் பாருங்கள் அவரை!

எங்கள் அருப்புக்கோட்டையில் இந்த வகையின் உச்சம் கார்த்தீஸ்வரன். சேலைக்கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையானால் இன்பராஜின் பெயிண்ட் கடை மாடிக்கு வந்துவிடுவார். அங்கேதான் யுத்தம். மந்திரவாதிகள், குள்ளர்கள், எலும்புக்கூட்டுப் படை, டிராகன் என்று கட்டைவிரல் உயரப் பொம்மைகளை மேசைமேல் நிறுத்தி, பகடை உருட்டி, டேப் பிடித்து அளந்து நகர்த்தி, ஒருவரையொருவர் அழிக்கிற விளையாட்டு. காடு வேண்டுமா, சீமைக் கருவேலங்குச்சி. தரை வேண்டுமா, பசை தடவித் தூவிய கரிசல் மண். டிராகனுக்கு, யார் வீட்டு இரும்பு கேட்டுக்கோ அடித்து மிஞ்சிய பச்சை எனாமல்.

இது இரண்டு பேர் ஆடும் ஆட்டம். இன்பராஜும் கார்த்தீஸ்வரனும் நிம்மதியாகத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். பிறகு எம்.ரெட்டியபட்டியில் விதைக்கடை வைத்திருக்கும் தனுஷ்கோடி சேர்ந்தார். திருச்சுழியில் வேலை பார்க்கும் சுகப்பிரியா பஸ் ஏறி வர ஆரம்பித்தார். நாலு பேர் ஆடுவதற்கென்றே தனியாக ஒரு கூடுதல் விதிப்புத்தகம் இருப்பதைக் கார்த்தீஸ்வரன் கண்டுபிடித்தார்.

போச்சு.

யார் முதலில், அவருக்கு அப்புறம் யார், கூட்டணி எப்படிச் சேர்வது, சேர்ந்ததை எப்படி முறிப்பது, முறித்தவரைப் பழைய கூட்டாளி எப்போது அடிக்கலாம், அவசரப்பட்டு அடித்துவிட்டால் என்ன தண்டனை என்று அவர் வாசித்து, வாசித்ததை விளக்கி, விளக்கத்துக்கும் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள், கீழேயிருந்து வந்த டீ ஆறி, ஏடு படிந்து, அதில் ஈயும் விழுந்துவிடும். பொம்மைகள்? நின்ற இடத்திலேயே நிற்கும். நாலு பேராக உட்கார்ந்த பிறகு ஓர் ஆட்டமாவது முடிந்ததா? கிடையாது.

மற்ற மூவரும் அவர் இல்லாத வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். நல்ல மனுஷன், முகத்துக்கு நேரே சொல்ல வாய் வரவில்லை. வருகிற ஞாயிறு ஆட்டம் முடிந்தால் சரி, முடியாவிட்டால் இனிமேல் அவரைக் கூப்பிடுவதில்லை என்று முடிவானது. இதில் அவரவருக்கு மனசு கேட்கவில்லை என்பதால், பேசாமல் அவரையே ஜெயிக்க வைத்து ஆட்டத்தை முடித்துவிடுவோம் என்று இன்னொரு முடிவும் ஆனது.

ஞாயிறு வந்தது. தனுஷ்கோடி தன் எலும்புக்கூடுகளை வரிசையாகக் கார்த்தீஸ்வரனின் டிராகன் வாயில் கொண்டுபோய்க் கொடுத்தார். இன்பராஜின் குள்ளர்கள் ஒரு காரணமும் இல்லாமல் ஓடிப்போனார்கள். கார்த்தீஸ்வரனோடு கூட்டணி வைத்திருந்த சுகப்பிரியாவிடம் விளக்குமாற்றில் பறக்கும் ஒரே ஒரு சூனியக்காரிதான் மிச்சம். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே டிராகன் மேசை நடுவிலிருந்த கோட்டைக்குள் போய் ஜம்மென்று உட்கார்ந்தது. கோட்டையைத் தனியாகப் பிடித்தவரே வெற்றியாளர்.

“ஜெயிச்சுட்டீகண்ணே!” என்று மூவரும் எழுந்து கைதட்டினார்கள்.

கார்த்தீஸ்வரன் ஒரு விரலை உயர்த்தினார்.

“ஒரு நிமிசம். கோட்டைய நான் தனியாப் பிடிக்கலயே. சுகப்பிரியாவும் நானும் இன்னும் கூட்டணியிலதான இருக்கோம்?”

“அத முறிச்சுட்டுத்தானண்ணே உள்ள போனீக?” என்றார் சுகப்பிரியா.

“முறிச்சேன். ஆனா சத்தமாச் சொல்லணும்னு விதி. நான் மனசுக்குள்ளதான் சொன்னேன்.”

“எனக்குக் கேட்டுச்சுண்ணே!”

“மனசுக்குள்ள சொன்னது எப்படிம்மா கேக்கும்?”

“மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சுண்ணே” என்றார் இன்பராஜ், கிட்டத்தட்டக் கும்பிட்டபடி.

“மூஞ்சி விதியில இல்லப்பா.”

நாலு பேர் ஆட்டத்தில் முதல் வெற்றி தானாக மடியில் வந்து விழுகிறது, அதைத் தட்டிவிட்டு வாதாடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? சுகப்பிரியாவுக்குப் பொறுமை போய்விட்டது. கார்த்தீஸ்வரன் ஜெயித்துவிட்டார் என்பதை அவருக்கே நிரூபிக்க, புத்தகத்தை வெடுக்கென்று பிடுங்கிப் புரட்டினார்.

“இந்தா! பறக்குற கூட்டாளி எல்லையத் தாண்டுனா கூட்டணி தானா முறியும்னு போட்ருக்கு. என் சூனியக்காரி அப்பவே தாண்டிட்டா!”

“அவ எங்கிட்டுப் பறந்தா?” என்றார் தனுஷ்கோடி. “வெளக்குமாறுதான் ஒடஞ்சு போச்சே!”

“ஏலே, அது பொம்மையில ஒடஞ்சது. ஆட்டத்துல ஒடயல” என்றார் இன்பராஜ்.

“பொம்மையில இல்லாத வெளக்குமாறு ஆட்டத்துல எப்படிலே இருக்கும்? குடு புக்க!”

மூன்று பேரும் புத்தகத்தை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். கார்த்தீஸ்வரன் நாற்காலியில் சாய்ந்தார். இத்தனை நாள் அவர் வாசிக்க, இவர்கள் கொட்டாவி விட்டவர்கள். இன்று அவர் வாயைத் திறக்கவே இடம் கிடைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் துடைத்தார்.

“அய்யய்யோ, பஸ்ஸு போயிருச்சு!” என்றார் சுகப்பிரியா.

“அடுத்த பஸ்ஸுல போகலாம். மொதல்ல வெளக்குமாத்துக்கு ஒரு வழி சொல்லு” என்றார் தனுஷ்கோடி.

ஆட்டம் முடியவில்லை. ஆனால் அன்று சாயங்காலம் திருச்சுழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த சுகப்பிரியா, மற்ற இருவரிடமும் கேட்டுக்கொண்டு, அந்த ரகசியக் குழுவில் கார்த்தீஸ்வரனைச் சேர்த்துவிட்டார். அடுத்த நொடியே அவரிடமிருந்து முதல் செய்தி வந்தது: “இந்தக் குழுவுக்கு விதிகள் ஏதும் உண்டா?”

சிரிக்கிறீர்கள். தாராளமாகச் சிரியுங்கள். ஆனால் டிராகன் உள்ளே, சூனியக்காரி வெளியே, கூட்டணியோ மனசுக்குள் மட்டும் முறிந்தது, அப்படியானால் நியாயப்படி கோட்டை யாருக்கு என்று உங்களுக்குள்ளும் ஒரு தீர்ப்பு தயாராகிக்கொண்டிருக்கிறதே, அதை என்ன செய்வதாக உத்தேசம்?

வாருங்கள், இன்பராஜ் கடை மாடியில் இன்னொரு நாற்காலி போட இடமிருக்கிறது.