திறப்பு மாமாவின் மருமக்கள்

பத்திரிகைக்கு எழுதுவது படித்தவர்கள் செய்யும் வேலை. நான் பள்ளிக்கூடத்தோடு படிப்பை விட்டுத் தையல் மெசினுக்கு முன்னால் உட்கார்ந்தவள். நாலு பேர் கூடினால் மெல்ல எழுந்து உள்ளே போய்விடுகிற ஆள். எழுதத் துணிந்ததற்கு வாசகர்கள் மன்னிக்க வேண்டும். திறப்பு மாமாவைப் பற்றி வேறு யாரும் எழுதுவதாகத் தெரியவில்லை, அதுதான் காரணம்.

திருகோணமலையிலேயே ஆகக் கூடுதலான மருமக்கள் உள்ள மனிதர் அவர்தான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, கூடப் பிறந்தவர் ஒருவரும் இல்லை. மருமக்கள் மட்டும் துறைமுகத்தடி முழுக்க இருக்கிறார்கள்.

ஓட்டோ ஓட்டுகிறவர். காலியாகக் கிடக்கும் அறைகளின் திறப்புகளைச் சாவிக்கொத்தாக ஒரு வளையத்தில் கோத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருப்பார். வண்டி தெருமுனையில் திரும்பும்போதே சவாரி மாடு வருவதுபோல் கிலுகிலுவென்று கேட்கும். வேலை கிடைத்து டவுனுக்கு வரும் பெடியன், பெட்டைகளுக்கு அறை பிடித்துக் கொடுப்பதுதான் அவருடைய உயிர். தரகு வாங்கமாட்டார்.

இங்கே அறை பிடிப்பது லேசான காரியமில்லை. கடலைப் பார்த்த அறையெல்லாம் சுற்றுலா வரும் வெள்ளைக்காரருக்குப் போய்விடும். மிச்ச வீட்டுக்காரர் எல்லாரும் ஒரே பல்லவி: "நாங்கள் சொந்தத்துக்கு மட்டும்தான் குடுக்கிறது." எனவே மாமா வருகிறவர்களை எல்லாம் சொந்தமாக்கினார். மூதூரில் இருந்து வந்த மருந்துக்கடைப் பெடியனைக்கூட மருமகன் என்றுதான் அறிமுகப்படுத்தினார்.

"அவன் முஸ்லிம் பெடியன், உமக்கு எப்பிடி மருமகன்?" என்று வீட்டுக்காரர் கேட்டாராம்.

"அது தாய்வழியில," என்றாராம் மாமா.

அறையை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. வெறும் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்துத்தான் பார்ப்பார். ஒரு வீட்டுக்காரம்மா ஆள் மயங்கிவிட்டார் என்று பயந்து சோடா உடைத்துக்கொண்டு ஓடி வந்தா. மாமா அதை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு, படுத்தபடியே, "காத்து வரேல்லை. வாடகையைக் குறையுங்கோ," என்றார். குறைத்தார்கள்.

போன மழைக்காலம், பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் இருந்து ஜெயந்தி என்ற பிள்ளை தகப்பனோடு வந்திறங்கினாள். துறைமுகத்தடியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. அவள் வீட்டில் முதல் அலுவலக வேலை. ஆனால் பொழுதுபடுவதற்குள் பாதுகாப்பான இடம் கிடைக்காவிட்டால் மகளைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று தகப்பன் சொல்லிவிட்டார். டவுனுக்கு வெளியே பாலையூற்றில் ஓர் அறை இருந்தது. வேலை முடிந்து இருட்டில் தனியாக அவ்வளவு தூரம் போவதற்கு அவர் சம்மதிக்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது தங்கம் ரீச்சரின் மேல்மாடி அறை. பென்சன் எடுத்த ரீச்சர். சொந்தம் அல்லாத ஒருவரும் அந்தப் படியில் ஏறியதில்லை. நான் அவவுக்குத் தைத்த சட்டையைக் கொடுக்கலாம் என்று அதே ஓட்டோவில் ஏறிக்கொண்டேன். விதி.

"ரீச்சர், இவ என்ர மருமகள்," என்றார் மாமா.

"உமக்கு மகனே இல்லை. மருமகள் எங்கயிருந்து வந்தவ?"

"ஐயோ, அந்த மருமகள் இல்லை. தங்கச்சியின்ர மகள்."

"எந்தத் தங்கச்சி?"

மாமா இடமும் வலமும் பார்த்தார். வாசலில் நான் நின்றேன். "இந்தா நிக்கிறா!"

நான் மெல்லப் பின்னால் நகர்ந்தேன். அதற்குள் தகப்பன், பொய் பேசிப் பழகாத மனிதர், கும்பிட்டபடி முன்னால் வந்தார். "நான்தாங்கம்மா புள்ளையோட அப்பா."

ரீச்சர் அவரைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. "ஏன் பிள்ளை, இத்தனை வருசமா எனக்குச் சட்டை தைக்கிறீர். அந்த நேரம் போக எனக்குத் தெரியாமல் கலியாணமும் நடந்ததோ?"

நான் சட்டை கொண்டுவந்த பையால் முகத்தை மூடிக்கொண்டேன். ஜெயந்தி தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "வாங்கப்பா, போவோம்," என்றாள்.

அப்போதுதான் மாமா முதல் தடவையாகப் பகிடி இல்லாமல் பேசினார். "ஓம் ரீச்சர், பொய்தான். இந்தப் பிள்ளைக்கு இந்த ஊரில ஒருத்தரும் இல்லை. சொந்தக்காரர் இருந்தால் அங்க போய்ப் படுத்திருப்பாளே, உங்கட படியில ஏன் வந்து நிக்கிறாள்? சொந்தம் இல்லாத ஆளுக்குத்தானே அறை வேணும்?"

வெளியே மழை தூறத் தொடங்கியது.

"குசினியில கருவாடு பொரிக்க ஏலாது," என்றா கடைசியில், ஜெயந்தியைப் பார்த்து. "மற்றது, என்னை ஆன்ரி எண்டு கூப்பிடக் கூடாது. ரீச்சர் எண்டால் போதும். பெட்டியை மேல கொண்டு போம்."

தகப்பன் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மாமா மேலே போய்த் தரையில் படுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலை ஜெயந்தி வேலைக்குப் போனாள். தகப்பன் தனியாகப் பதுளை பஸ் ஏறினார். திறப்பு மாமா என் தையல் கடைக்கு முன்னால் ஓட்டோவை நிறுத்தி, "தங்கச்சி, தேத்தண்ணி இருக்கோ?" என்று கேட்டார். அண்ணனுக்குச் சீனி கூடப் போட்டுக் கொடுத்தேன்.