மாமனாரின் கைக்கடிகாரமும் ஒரு சொட்டு ரத்தமும்

அரைகுறையாகத் தெரிந்த விஷயத்தை வீட்டில் பேசாமல் இருப்பதற்குத் தனி மனவலிமை வேண்டும். எனக்கு அது இருந்ததே இல்லை.

ஒரகடத்தில் ரத்தப் பரிசோதனைக் கருவி செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. அல்சைமர் என்கிற மறதி நோய் வெளியே தெரிவதற்குப் பல வருடங்கள் முன்பே, அதோடு தொடர்புள்ள புரதத்தின் சுவடு ரத்தத்தில் தென்படுமாம். ஒரு சொட்டு ரத்தத்தைப் பட்டையில் விட்டுக் கருவியில் செருகினால், சுவடு இருந்தால் சிவப்பு எரியும், இல்லாவிட்டால் பச்சை. எல்லாம் இன்னும் ஆராய்ச்சியில்தான் இருந்தது. என் வேலை, பட்டைகளைச் சரிபார்த்து உறையில் போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவது. (சிங்கப்பெருமாள் கோவிலில் எங்கள் தெருவைப் பொறுத்தவரை நான் மூளை டாக்டர். நானே சொல்லி வைத்திருந்தேன்.)

எங்களோடு இருந்த மாமனார் சூசைராஜ், ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன், அப்போது ரொம்ப ஒடுங்கிப்போயிருந்தார். ஓய்வு பெற்ற அன்று அவருக்குப் பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரம் காணாமல் போனதிலிருந்தே அப்படித்தான். எங்கே வைத்தோம் என்று அவருக்கு நினைவே வரவில்லை. பிறகு எல்லாவற்றிலும் சந்தேகம் வந்துவிட்டது. கேஸை அணைத்தேனா, கதவைப் பூட்டினேனா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருவார். "நடுவுல வரி மறந்துட்டா அசிங்கம்" என்று சர்ச்சில் பாடப் போவதையும் நிறுத்திவிட்டார்.

"அப்பாவுக்கு அந்த மறதி நோயா இருக்குமோ?" என்று என் மனைவி ஸ்டெல்லா கண்கலங்கினாள்.

புத்தியுள்ளவன் டாக்டரிடம் அழைத்துப் போயிருப்பான். நான் யாரையும் கேட்காமல் ஒரு கருவியையும் பட்டை உறை இரண்டையும் சாப்பாட்டுப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மாமனாரை நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"நீங்களும் குத்திக்கினாதான் நானும் கை நீட்டுவேன் மாப்ள" என்றார்.

"அதுக்கென்ன மாமா!" என்று சிரித்தேன்.

அவருக்குப் பச்சை எரிந்தது. ஸ்டெல்லா சிலுவை போட்டுக்கொண்டாள். அந்த உறையில் இருந்தது அந்த ஒரே பட்டைதான். ஆரஞ்சு ஸ்டிக்கர் ஒட்டிய இன்னொரு உறையைப் பிரித்து என் விரலைக் குத்தினேன்.

சிவப்பு.

அடுத்த விரல். சிவப்பு. மூன்றாவதும் சிவப்பு.

"இன்னா மாப்ள, செவப்பா கீது?"

"மிஷின் சூடாயிருக்கும் மாமா" என்றேன். சூடாகியிருந்தது நான்தான். போன வாரம் பஸ் மாறி ஏறி சுங்குவார்சத்திரத்தில் இறங்கியது, ஹெல்மெட்டைத் தலையில் வைத்துக்கொண்டே தேடியது என்று ஒவ்வொன்றும் சாட்சி சொல்ல வந்து நின்றது. முப்பத்திரண்டு வயதில் என் கதை முடிந்தது!

சாயங்காலத்துக்குள் ஒரு முடிவுக்கு வந்தேன். நினைவு இருக்கும்போதே எல்லாப் பாவங்களையும் சொல்லிவிட வேண்டும். இருவரையும் உட்காரவைத்தேன்.

"ஸ்டெல்லா, உன் தம்பி கல்யாணத்தன்னைக்கு எனக்குக் காய்ச்சலே இல்ல. கிரிக்கெட் மேட்ச்."

"தெரியும். மேல சொல்லு."

"மாமா, உங்க வாட்சை நீங்க தொலைக்கல. இந்த வேலை இன்டர்வியூக்கு உங்கள கேக்காம கட்டிக்கினு போனேன். ஷேர் ஆட்டோல எங்கயோ வுழுந்துடுச்சி. நீங்க தேடுனப்ப, எங்கனா வெச்சிட்டு மறந்திருப்பீங்கன்னு சொன்னதும் நான்தான்."

அடி விழும் என்று காத்திருந்தேன். மாமனார் என்னையே பார்த்தார்.

"அப்போ எனக்கு ஒண்ணும் இல்லியா?" என்றார். "ஆறு மாசமா தெனம் ஜெபம் பண்ணிக்கினு இருந்தேன் மாப்ள. எது மறந்தாலும் பொண்ணு பேரு மறந்துடக் கூடாதுன்னு."

அடித்திருந்தால் தேவலாம் என்றிருந்தது. ஸ்டெல்லா எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் காலை என் மேலதிகாரி ரேவதி மேடம் முன்னால் கருவியை வைத்து, ஆரஞ்சு ஸ்டிக்கர் உறை வரை நடந்ததைச் சொல்லி, விரல்களையும் காட்டினேன்.

"ஆரஞ்சு ஸ்டிக்கரா? அது மெஷின் சரியா வேலை செய்யுதான்னு பாக்கறதுக்கு வெச்சிருக்கற பட்டை. தண்ணி ஊத்துனாகூட சிவப்புதான் காட்டும்."

"எனக்கு யாரும் சொல்லலியே மேடம்."

"அந்த ஸ்டிக்கர ஒட்டுனதே நீங்கதான? நானே நின்னு சொல்லிக் குடுத்தேனே!" என்றவர், ஒரு நிமிடம் என்னைக் கவலையோடு பார்த்தார். "அந்தப் பச்சையையும் நம்பாதீங்க. இது இன்னும் பரிசோதனையிலதான் இருக்கு. மாமாவை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க."

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றும், இரண்டு வாரம் அட்டைப்பெட்டி மடிக்கும் வேலையும் கிடைத்தன. டாக்டர் மாமனாரிடம் பொறுமையாகக் கேள்விகள் கேட்டு, பரிசோதனைகள் செய்து, நோய் எதுவும் இல்லை, பயம்தான் என்றார். அடுத்த ஞாயிறே சர்ச்சில் அவர் குரல் கூரையைத் தொட்டது. ஸ்டெல்லா என்னோடு பேச மட்டும் இன்னும் ஒரு மாதம் ஆனது.

இப்போது அந்தக் கருவி எவ்வளவோ முன்னேறிவிட்டது. நானும்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எந்த விசேஷத்துக்குப் போனாலும் மாமனார் என் தோளில் கை போட்டு, புதிதாக வந்தவர்களிடம் இப்படித்தான் அறிமுகம் செய்கிறார்: "எங்க மாப்ள. ஒரகடத்துல மெஷின் பண்றாரு. ஒரு சொட்டு ரத்தம் போதும், உள்ள இருக்கற பொய்யெல்லாம் தானா வெளிய வந்துரும்."