வயரில்லாத காயில் அண்ணாச்சி

தூத்துக்குடியில் கப்பலைக் கரையணைக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர். ஆட்டோவைக் கப்பல் மாதிரி கரையணைக்கும் மனிதர் உலகத்திலேயே எங்கள் தெருவில் மட்டும்தான் இருக்கிறார்.

காயில் அண்ணாச்சி துறைமுகத்தில் கிரேன் மோட்டார்களுக்குக் காயில் சுற்றி ஓய்வுபெற்றவர். அதற்குப் பிறகும் சுற்றுவதை நிறுத்தவில்லை. கெட்டுப்போகாத மிக்சியையும் பிரித்துச் சுற்றுவார். அவர் தலை தெரிந்தால் தெருவே மிக்சியை ஒளித்துவைக்கும்.

எதிர்வீட்டு ஸ்டெல்லா மீன் விற்பதற்கு மின்சார ஆட்டோ வாங்கியிருந்தாள். ஐஸ் தண்ணீரும் கடற்காற்றும் சேர்ந்து அதன் சார்ஜ் போடும் இடத்தைத் தின்றுவிட்டன. இரண்டு முறை மாற்றியும் துரு விடவில்லை. மூன்றாம் முறை வந்த மெக்கானிக், “உப்பு பட்டா கியாரண்டி கிடையாது” என்று போய்விட்டான்.

“தூத்துக்குடில உப்பு படாத பொருள்னு எதச் சொல்லுதான் அவன்?” என்றாள் ஸ்டெல்லா. கழுத்தெலும்பு தேய்ந்தவள் அவள். தலையில் பாரம் ஏற்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி ஓடாவிட்டால் மறுபடி மீன்கூடைதான்.

“ஏளா, சொருகுனாத்தானே துருப்பிடிக்கும்? சொருகாமலே ஏத்துவோம்” என்றார் அண்ணாச்சி.

தலைமுடி போன்ற செம்புக் கம்பிகளைப் பின்னி, ஒரு காயிலை அவள் வாசல் சிமென்டுக்குள் புதைத்தார். இன்னொன்றை ஆட்டோவின் வயிற்றில் கட்டினார். இரண்டும் நேருக்கு நேர் நின்றால் நடுவில் இருக்கும் வெறுங்காற்று வழியாகவே கரண்டு பாயும். இரண்டு விரல் விலகினால் பாதிதான் ஏறும்.

ஆகவே தினமும் மாலை ஐந்து மணிக்கு வண்டியைக் கரையணைத்தார்.

“ஸ்லோ... ஸ்லோ... ஸ்டார்போர்டு!”

“அண்ணாச்சி, இது ஆட்டோ. இடது, வலதுன்னு சொல்லுங்க!” என்பாள் ஓட்டிக்கொண்டிருக்கும் ஸ்டெல்லா.

“ஏலே தம்பி, அடியில பாத்துச் சொல்லு!”

தம்பி என்பது நான். ஐம்பத்திரண்டு வயது, பாதிப் படியேறியதும் உட்கார்ந்துவிடும் இடுப்பு. தரையில் படுத்து டார்ச் அடிப்பது என் பொறுப்பு. மறுப்பதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

முதல் வாரமே விபத்து. காக்கைக்குப் பயந்து ஸ்டெல்லா நெத்திலி காயவைத்த இரும்புத் தட்டை ஆட்டோவுக்கு அடியில் தள்ளிவிட்டாள். கால் மணி நேரத்தில் தெரு முழுக்க வறுவல் வாசனை. நடுவில் வந்த இரும்பு கரண்டைக் குடித்துச் சூடேறிவிட்டது. வண்டியில் சார்ஜ் ஏறவில்லை, நெத்திலியில் நன்றாக ஏறியிருந்தது.

“எங் கருவாடு போச்சே!” என்று அவள் கத்த, அண்ணாச்சி தட்டை முகர்ந்து பார்த்து, “பவர் இருக்குன்னு சொன்னேம்லா!” என்றார். ஒரு நெத்திலியை வாயிலும் போட்டுக்கொண்டார்.

தட்டை எடுத்ததும் சார்ஜ் ஏறியது. மறுநாள் விடிகாலை ஸ்டெல்லா ஆட்டோவிலேயே மீன் ஏலத்துக்குப் போனாள். அதன்பின் ஒருநாளும் கூடை அவள் தலைக்குப் போகவில்லை.

மூன்று மாதம் தரையில் படுத்தெழுந்த பிறகு எனக்கு ஒரு ஞானம் பிறந்தது. முன்சக்கரம் முட்டி நிற்க ஒரு கட்டையும், ஓரத்தில் இரண்டு செங்கல்லும் வைத்தால் வண்டி தானே சரியாக நிற்குமே! ஒரு மதியம் வேப்பங்கட்டையோடு ஸ்டெல்லா வீட்டுக்குப் போனேன்.

அவள் கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கட்ட போட்டா நிக்கும்னு மொத நாளே எனக்குத் தெரியும் சார்.”

“பிறகு ஏம்மா சொல்லல?”

“அவரு சம்சாரம் அக்கா செத்துப்போனதுலேருந்து அண்ணாச்சி வீட்டுல ஒத்தையிலதான கெடக்காரு. காலையிலேருந்து கைலியும் பனியனுந்தான். இந்த அஞ்சு மணிக்காவத்தான் குளிச்சி, சட்ட மாத்திட்டு வாராரு. இங்கன வச்சிராதீங்க சார்.”

கட்டையைத் துண்டால் மூடிக்கொண்டு, அண்ணாச்சி கண்ணில் பட்டுவிடாமல் பின்தெரு வழியாக வீடு வந்து சேர்ந்தேன்.