இடுப்பில் ஒரு இறாத்தல்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகர் வாழ் தமிழ் மக்களின் உயிர், உடைமை, தாலிக்கொடி ஆகியவற்றின் பாதுகாப்பைக் கருத்திற் கொண்டு, 2004ஆம் ஆண்டு வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் துப்பாக்கி மதிப்பீட்டுக் குழு அங்குரார்ப்பணம் செய்யப்பட்டது.

தலைவர், நித்தியானந்தன் மாமா. ஊர்ச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், ஆதலால் வேறு தகுதி தேவைப்படவில்லை. செயலாளர், துப்பாக்கியை வாங்கி வந்த என் அப்பா அரியரத்தினம். அம்மா கமலநாயகி தேத்தண்ணிக்குப் பொறுப்பு. தேனுஜா ஆகிய நான் மொழிபெயர்ப்பாளர். எனக்கு வாக்குரிமை கிடையாது.

காரணம் பாரதூரமானது. ஹாகனில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஓர் அக்காவின் கொடி களவு போய்விட்டதென்று செய்தி பரவியது. மூன்றாம் நாள் அது அவரது அரிசி வாளிக்குள்ளேயே கிடைத்தது. கள்ளருக்குப் பயந்து தானே ஒளித்து வைத்துவிட்டு மறந்திருக்கிறார். கொடி திரும்பி வந்துவிட்டது. பயம் மட்டும் திரும்பிப் போகவில்லை.

அப்பா வாங்கியது உள்ளங்கைக்கு அடக்கமான கைத்துப்பாக்கி. குண்டு வராது. சத்தமும் கண்ணெரியும் புகையும்தான் வரும். பதினெட்டு வயதான எவரும் கடையில் வாங்கி வீட்டில் வைத்திருக்கலாம். ஆனால் அதை உடுப்புக்குள் ஒளித்துக்கொண்டு தெருவில் இறங்குவதானால், முந்திய வருடம் வந்த சட்டப்படி, சின்ன ஆயுதப் பத்திரம் என்று ஒன்று எடுக்கவேண்டும்.

எனக்கோ வேறு கவலை. ஆஹென் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது, இருக்க அறை கிடைக்கவில்லை. ஒன்பது வீட்டுக்காரர்கள் தொலைபேசியில் என் ஜெர்மன் மொழியைக் கேட்டு உடனே வாருங்கள் என்றார்கள். நேரில் முகத்தைக் கண்டதும், ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அறை போய்விட்டது என்றார்கள். ஒன்பது வீட்டிலும் அதே ஐந்து நிமிடம்! ஐப்பசிக்குள் அறை அமையாவிட்டால் வீட்டோடு இருந்து வுப்பர்டாலிலேயே படிக்க வேண்டும் என்பது அப்பாவின் தீர்ப்பு. அதாவது, ஆயுள் முழுக்க மொழிபெயர்ப்பு.

"அப்பா, ஆஹெனுக்கு ஒருக்கா என்னோட வாங்கோவன். தகப்பனைக் கண்டால் எண்டாலும் நம்புவினம்."

"முதல்ல பாதுகாப்பு, பிறகு படிப்பு," என்றார் அப்பா. மதிப்பீடு தொடங்கியது.

"முதலாவது, பாரம்," என்றார் மாமா.

அம்மா கேக்குக்கு மா நிறுக்கும் தராசில் துப்பாக்கி வைக்கப்பட்டது. ஐந்நூற்றுப் பத்து கிராம்.

"ஒரு இறாத்தல் பாணிலும் கொஞ்சம் கூட," என்று அப்பா குறிப்புக் கொப்பியில் எழுதினார்.

"இரண்டாவது, மறைவு. தம்பி, நீர் போய் வேட்டியைக் கட்டிக்கொண்டு வாரும்."

அப்பா வேட்டி கட்டி, துப்பாக்கியை இடுப்பில் செருகி, இரண்டடி வைத்தார். அது வழுக்கிக்கொண்டு காலடியில் விழுந்தது. வேட்டியும் பின்னாலேயே போகப் பார்த்தது.

"எழுதும். துவக்கில பிழையில்லை, வேட்டியில பிழை," என்றார் மாமா.

மூன்றாவது, வேகம். அப்பா துப்பாக்கியோடு வாங்கிய தோலுறையை இடுப்புப் பட்டியில் கோத்து, மேலே பனிக்கால உடுப்பு முழுவதும் போட்டுக்கொண்டார். அம்மா முட்டை அவிக்கும் மணிக்கூட்டை முடுக்கிவிட்டார். கையுறையைக் கழற்றி, ஜாக்கெட்டின் சிப்பை இழுத்து, அது பாதியில் சிக்கி, ஸ்வெட்டரை உயர்த்தி, உள்ளே போட்ட இன்னொரு ஸ்வெட்டரையும் உயர்த்தித் துப்பாக்கியை வெளியே எடுக்க ஒரு நிமிடம் நாற்பது செக்கன் சென்றது.

"அவ்வளவு நேரம் கள்ளன் நிப்பானோ?" என்று அம்மா கேட்டார்.

"இது ஜெர்மனி, தங்கச்சி. இங்க எல்லாரும் வரிசையில நிண்டு பழகின ஆக்கள்," என்றார் மாமா. வேகம், திருப்திகரம் என்று பதிவாகியது.

கடைசிப் பரீட்சை பொது இடத்தில். பத்திரம் இல்லாமல் வாசலைத் தாண்டினால் குற்றம் என்று நான் சட்டத்தை வாசித்துக் காட்டிச் சண்டை பிடித்ததால், ஏறக்குறைய அதே பாரமுள்ள மீன் டின் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு அப்பா சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். அங்கே இரண்டு மணித்தியாலம் உலாவிவிட்டு வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்.

"ஒருதரும் பார்க்கேல்லை."

"அப்ப வெற்றிதானே, அப்பா?"

"என்ன வெற்றி? பதினெட்டு வருசமா இந்த நாட்டில என்னை ஒருதரும் பார்க்கேல்லை. அதுக்கு எனக்குத் துவக்கு வேணுமோ?"

குழு அவசரமாகக் கூடி ஏகமனதாகத் தீர்மானித்தது: மறைவு, தேவைக்கு அதிகம். ஆயுதத்தை ஒளித்து வைக்கவேண்டும், ஒளித்து வைத்திருப்பது எல்லோருக்கும் தெரியவும் வேண்டும். அதற்கு ஒரே வழி பத்திரம்.

பொலிசின் ஆயுதப் பத்திர அலுவலகத்தில் டெர்மின், அதாவது சந்திக்க நேரம், கிடைக்க மூன்று கிழமை. அலுவலர் ஹெர் கிளாசன் மிக மரியாதையான மனிதர். சட்டத்தை மனப்பாடமாகச் சொன்னார். நான் இரு பக்கமும் மொழி மாற்றிக்கொண்டிருந்தேன்.

"கல்யாணவீடு, திருவிழாவுக்குக் கொண்டுபோகலாமோ எண்டு கேள், பிள்ளை."

"பொது நிகழ்ச்சிகளுக்குக் கொண்டுபோவது தடை," என்றார் அலுவலர்.

"அப்ப எங்க கொண்டுபோறது?"

"மற்ற இடங்களுக்கு. தனியே நடக்கும்போது."

"தனிய நடக்கேக்க என்னட்ட என்ன இருக்கு பறிக்க? கொடி மனுசியின்ர கழுத்தில. மனுசி மண்டபத்துக்குள்ள."

அலுவலர் யோசித்தார். "உங்களிடம் துப்பாக்கி இருக்குமே. அதைப் பறிக்கலாம்."

அப்பா என்னைப் பார்த்தார். "ஞாயமான கதை," என்றார்.

நான் இரண்டு மொழியிலும் வாதாடினேன். சனம் இருக்கும் இடத்தில் கூடாது, சனம் இல்லாத இடத்தில் தேவையில்லை என்றால், இந்தப் பத்திரம் எதற்கு? ஹெர் கிளாசன் அனுதாபத்தோடு தலையாட்டிவிட்டு, "அன்ட்ராக் விண்ணப்பத்தில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை," என்றார். அப்பா கையெழுத்துப் போட்டார்.

ஆறு கிழமையில் பத்திரம் வந்தது. கூடவே ஒரு கடிதம். திரு. அரியரத்தினத்தின் நம்பகத்தன்மையும் தனிப்பட்ட தகுதியும் ஆராயப்பட்டன, ஆட்சேபணை எதுவும் இல்லை, பத்திரத்துக்குக் காலவரையறையும் இல்லை.

"திருப்பி வாசி," என்றார் அப்பா.

வாசித்தேன்.

"'வரை' எண்டு ஒரு திகதியும் இல்லையோ?"

"இல்லை, அப்பா."

ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் அகதியாக வந்து இறங்கிய நாளிலிருந்து அவருக்கு வந்த கடிதங்களில் பாதி, இத்தனையாம் திகதி வரை இருக்கலாம் என்றன. மீதி, உங்கள் கூற்று நம்பத்தகுந்ததாக இல்லை என்றன. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று பின்னேரமே துப்பாக்கி சோறு அவிக்கும் மெஷினுக்குப் பின்னால் நிரந்தர ஓய்வு பெற்றது. கடிதத்துக்கும் பத்திரத்துக்கும் பிளாஸ்டிக் உறை போடப்பட்டது.

செய்தி பரவியது. நத்தாருக்கு முந்திய அட்வென்ட் நாட்களில் ஜன்னலில் நட்சத்திரம் தொங்கவிடுவதுபோல வீட்டுக்கு வீடு ஆயுதப் பத்திரம் தொங்கியது. துப்பாக்கி வாங்கியவர் எவருமில்லை. மாமா தன் மகனுக்குப் பெண் தேடும் விளம்பரத்தில், 'ஜெர்மன் பொலிசாரால் நம்பகமானவர் என உறுதிப்படுத்தப்பட்ட மணமகன்' என்று போட்டார். பதினான்கு சாதகம் வந்தது. பத்திரம் இல்லாத ஒரு மாப்பிள்ளையைப் பற்றி, "ஏன் எடுக்கேல்லை? பொடியனில ஏதும் குறையோ?" என்று சனம் கதைத்தது. நான் அம்மாவிடம் கொதித்தேன். அம்மா, "உனக்கும் ஒண்டு எடுத்து வைப்பமே, தேனு?" என்றார்.

புரட்டாசி கடைசிச் சனிக்கிழமை, அப்பா ஒருவழியாக என்னோடு ஆஹெனுக்கு வந்தார். இது பத்தாவது வீடு, இனி வீடும் இல்லை, நாளும் இல்லை. வீட்டுக்காரி ஃபிராவ் பிரோயர் கதவைப் பாதி திறந்து எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"அறை... ஐந்து நிமிடத்துக்கு முன்புதான்..." என்று தொடங்கினார்.

அப்பா கோட்டுக்குள் கையை விட்டார். இடுப்பில் தோலுறையின் பொத்தான் கழலும் சத்தம் கேட்டது. துப்பாக்கிக்கென்று வாங்கிய அதே தோலுறை! பல்கலைக்கழகமும் போயிற்று, அப்பாவும் போனார் என்று நினைத்தேன்.

நான்கு செக்கனில் வெளியே வந்தது, நாலாய் மடித்த பிளாஸ்டிக் உறை.

ஃபிராவ் பிரோயர் கண்ணாடி போட்டு வாசித்தார். முத்திரையைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவு முழுதாகத் திறந்தது. கோப்பி வந்தது, பிளம்ஸ் கேக் வந்தது, கடைசியில் அறைப் பூட்டின் திறப்பும் என் கைக்கு வந்தது.

"உங்கள் அப்பா நம்பிக்கையான மனிதர்," என்றார் ஃபிராவ் பிரோயர் என்னிடம். குரலைத் தாழ்த்தினார். "இந்தத் தெருவில் இப்போது ஒரே வெளிநாட்டுக்காரர். படியில் ஏறி இறங்கவே பயமாக இருக்கிறது. உங்களை மாதிரி ஆட்களைச் சொல்லவில்லை. எந்தத் துப்பாக்கி நல்லது என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்."

சொன்னேன். அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பாரம், மறைவு, வேகம் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். முடிவில், "கவனமா இருக்கச் சொல்லு, பிள்ளை. வெளியில இருந்து வாற ஆக்களை இந்தக் காலத்தில நம்ப ஏலாது," என்றார்.

என்னிடம் இரண்டு பேருக்குமே நல்ல பதில்கள் இருந்தன. திறப்பும் இருந்தது. ஒரு சொல் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

திங்கட்கிழமை ஆஹென் ஆயுதப் பத்திர அலுவலகத்துக்குப் போய் அன்ட்ராக் படிவம் இரண்டு எடுத்து வந்தேன். ஒன்று ஃபிராவ் பிரோயருக்கு.